பக்கத்துக் கரடு

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.

'பூச்சிகள்: பதினான்கு வகை. அனைத்தும் பரவலாகக் காணப்படுபவை. அரியவை ஏதுமில்லை.'

அவள் அறிக்கையின் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கீழே, ஆய்வு செய்தவர் என்ற இடத்தில், அவள் பெயர்.

அவள் கொடுத்தது நூற்று அறுபத்தொரு வகை. எட்டு மாத வேலை. சடைச்சிப்பாறை என்ற குன்றில் வெடிப்பு வெடிப்பாக மண்டியிட்டுத் தேடி எடுத்தவை. அதில் ஒன்று உலகத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒரு சிள்வண்டு. சுண்டுவிரல் நகத்தளவு. பாறையின் நிறம். சிறகு கிடையாது. பாறைக்கு வெடி வைத்தால் பறந்து தப்ப வழியில்லை.

கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் தொடங்கியிருந்தது. சடைச்சிப்பாறையில் கல்குவாரி வரலாமா என்று ஊரைக் கேட்கிறார்கள். மேடையில் மாவட்ட அதிகாரி. முன்வரிசையில் தேவநேசன். குவாரிக்காரர்களுக்கு இந்த அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்த நிறுவனம் அவருடையது. அவளுக்குச் சம்பளம் தருபவரும் அவர்தான்.

அறிக்கையை அவர் மடியில் போட்டாள்.

"என் நூத்தி அறுபத்தொண்ணு எங்க சார்?"

"பூச்சிதானேம்மா. யாரு எண்ணப் போறா?"

கிண்டல்கூட இல்லை. உண்மையாகவே கேட்டார்.

அவள் நேரே மைக்குக்குப் போனாள்.

"இந்த அறிக்கையில ஆய்வு செஞ்சதுன்னு போட்டிருக்கிறது என் பேரு. அதுல இருக்கிறது நான் எழுதினது இல்ல."

சிள்வண்டைப் பற்றிச் சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த எழுத்தரைக் காட்டினார்.

"அதோட பேர் சொல்லுங்கம்மா, எழுதிக்கட்டும்."

"இன்னும் பேர் வைக்கல சார்."

"பேர் இல்லாததைக் கூட்டக் குறிப்புல எப்படி ஏத்துறது?"

பெயர் வைக்க விதி இருக்கிறது. உறுப்பு உறுப்பாக அளந்து, விவரித்து எழுதி, ஆய்விதழுக்கு அனுப்பி, அவர்கள் ஏற்று, அச்சாகி வர இரண்டு வருடம் ஆகும். பாறையை உடைக்க இரண்டு மாதம் போதும்.

"சடைச்சி" என்றாள்.

விதிப்படி அது பெயரே ஆகாது. எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"இது வேற எங்கயும் கிடையாதா?"

"இதுவரைக்கும் வேற எங்கயும் பதிவாகல."

"பக்கத்துல மொட்டைக் கரடுன்னு ஒரு குன்று இருக்கே. அங்க தேடிப் பாத்தீங்களா?"

போக வேண்டும் என்று அவள் மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாள். அது நம் வேலையில் சேராது என்று மூன்று முறையும் தேவநேசன் மறுத்திருந்தார். இப்போது அவர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"இல்ல சார்."

அதிகாரி பேனாவை மூடினார்.

"முப்பது நாள் தர்றேன். அங்க இல்லேன்னா, குவாரிக்கு அனுமதி வேண்டாம்னு நானே எழுதுறேன். இருந்தா, இதை ஒரு காரணமா எடுத்துக்க முடியாது."

சாயங்காலத்துக்குள் அவளுக்கு வேலை போயிற்று.

மறுநாள் விடிந்ததும் மொட்டைக் கரட்டில் ஏறினாள். கூட மூக்கம்மா வந்தாள். இரண்டு கரடுகளிலும் ஆடு மேய்ப்பவள். சடைச்சிப்பாறையில் அந்தச் சிள்வண்டை முதன்முதலில் உள்ளங்கையில் ஏந்திக் கொண்டுவந்து காட்டியது அவள்தான்.

ஏறும் வழியெல்லாம் கோபம். தேவநேசன்மேல். பின்னாலிருந்து சிரித்தவன்மேல். சரியான கேள்வியைக் கேட்டுவிட்ட அதிகாரிமேல். எட்டு மாதமாக அனுமதிக்குக் காத்துக்கொண்டு, இந்த இரண்டு கிலோமீட்டரை நடந்து வந்து பார்க்காத தன்மேல்.

பதினைந்து வருடமாகப் பூச்சி தேடுகிறாள். கிடைக்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு கல்லையும் புரட்டியிருக்கிறாள்.

இன்று கிடைக்கக்கூடாது.

அப்படி நினைக்க வைத்துவிட்டார்களே என்று கோபம் இன்னும் ஏறியது.

கிழக்குச் சரிவில் பாறை வெடித்துக் கிடந்தது. அதே நிறம். அதே ஈரம். அவள் நின்றுவிட்டதைப் பார்த்து மூக்கம்மா கிட்டே வந்தாள்.

"எக்கா, அந்தப் பூச்சி இருந்தாலும் நாம ரெண்டு பேருதான பாக்கப் போறோம். யாருக்குத் தெரியும்?"

அவள் சட்டென்று திரும்பினாள். மூக்கம்மா ஓரடி பின்னால் போனாள்.

அவள் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். தேதி எழுதினாள். நேரம், ஆறு ஐம்பது. இடம், மொட்டைக் கரடு, கிழக்குச் சரிவு. பேனாவால், அழிக்க முடியாதபடி. உண்டா இல்லையா என்று எழுத, அதன் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள்.

தட்டையான ஒரு கல்லுக்கடியில் விரல்களை நுழைத்தாள்.

மூக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் கல்லைப் புரட்டினாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை.