தட்டிப் பார்த்த சுவர்

"அண்ணி, இந்தச் சுவர் தேறாது. இடிச்சுத்தான் ஆகணும்."

கொத்தனார் சொல்லி முடிப்பதற்குள், தையல்காரம்மா சுவருக்கும் அவருடைய பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள்.

"நல்லாப் பாருங்க. கூரைதானே எரிஞ்சுது? சுவத்துல ஒரு விரிசல் இருக்கா?"

காட்டுத்தீ இறங்கி வந்து தெருவையே தின்றுவிட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. நாலு சுவரோடு நின்றது அவள் வீடு ஒன்றுதான். நிவாரணக் குழுவுக்காகச் சுவர்களைச் சோதிப்பவர் அதே தெருக் கொத்தனார்தான். அவர் கையால் பச்சைக் குறி விழுந்தால் அடுத்த வாரமே கூரை. சிவப்பு விழுந்தால் இடிப்பு. புது வீடுகளுக்கான வரிசை குலுக்கலில் முடிவாகிவிட்டது. இனிச் சேர்பவருக்குக் கடைசி இடம். படுத்த படுக்கையாக இருமிக்கொண்டிருக்கும் மாமனாரோடு, மழைக்காலம் முழுவதும் கூடாரத்தில்தான்.

கொத்தனார் சுத்தியலால் தட்டினார். பொத்தென்றது.

"கேட்டீங்களா? நல்ல சுவர்னா கணீர்னு சொல்லும். இது உள்ளே வெந்துபோச்சு. சிமெண்ட் ரோஸ் நிறமா மாறியிருக்கு பாருங்க. மேலே கூரையை ஏத்தினா, மாமா தலையிலதான் இறங்கும்."

"கோளாறு சுவத்துல இல்லை. உங்க மனசுல."

சுத்தியல் பாதியில் நின்றது.

"தீ வந்த அன்னிக்குக் குடும்பத்தோட நின்னு கை காட்டினீங்க. எங்க வேன் நிக்கலை. அதுக்குத்தானே இது?"

"தள்ளுங்க, அண்ணி."

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

அவர் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சிவப்பில் ஒரு பெருக்கல் குறியைப் போட்டார். தீக்காயம் ஆறாத இடது காலை இழுத்து இழுத்து நடந்து போய்விட்டார்.

கூடாரத்துக்கு வந்ததும் வராததுமாக அவள் புகார் எழுத உட்கார்ந்தாள். வேன் ஓட்டும் கணவன் எட்டிப் பார்த்தான்.

"எந்த மூஞ்சியோட இதைக் குடுக்கப் போறே? நிறுத்தாதீங்கன்னு சொன்னது யாரு?"

"இடம் எங்கே இருந்துச்சு?"

"இருந்துச்சு. பின்சீட்டுல உன் தையல் மிஷினை ஏத்தியிருந்தோம்."

அவள் தாளை மடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இயங்கிய நிவாரணக் குழு அலுவலகத்துக்கு விறுவிறுவென்று போனாள்.

"கொத்தனார் மேலயா புகார்?" எழுத்தர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "பட்டியலைப் பாத்தீங்களாம்மா?"

"பார்க்க என்ன இருக்கு? கடைசியில கிடப்போம்."

அவர் பட்டியலை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

முதல் வரியில் இருந்த பெயர் அடிக்கப்பட்டு, அதன் மேல் அவள் கணவன் பெயர் எழுதப்பட்டிருந்தது. அடிக்கப்பட்ட அந்தப் பெயர் நாற்பத்தோராவதாக, கடைசி வரியில் இருந்தது. கொத்தனார்.

"குலுக்கல்ல முதல் சீட்டு அவருக்குத்தான் விழுந்துச்சு. இப்பத்தான் நொண்டிக்கிட்டே வந்து மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் போறார். சும்மா மாத்த முடியாது, படிவம் நிரப்பணும்னேன். நிரப்பிட்டார்."

அந்தப் படிவத்தை அவள் வாங்கினாள். கையில் இருந்த புகார் நழுவிக் கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

'விட்டுக்கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் என்ன உறவு?' என்று அச்சிட்டிருந்த கேள்விக்கு எதிரே, சிவப்பு பெயிண்ட் விரல் பதிந்த இடத்தில், கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'பக்கத்து வீடு.'