லீவுக்கு வந்த உடம்பு

மானகிரியில் ஆத்தா வீட்டுக் கூடத்தில் நடுப்பகல் வெயில் வீரலட்சுமியின் இலைவரை வந்து நிற்கிறது. கோடை லீவுக்கு நெய்வேலியிலிருந்து வந்திருக்கிறாள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்தாயிற்று. பக்கத்து அறையில் அவள் புருஷன் தங்கச்சாமி பேப்பர் புரட்டும் சத்தம் கேட்கிறது. அவன் காதில் விழவேண்டுமென்றே ஆத்தா குரலை உயர்த்துகிறாள். “கழுத்தெலும்பு தெரியுதே, அங்குட்டு உலையே வைக்கிறதில்லையாடி? பொண்ணைப் பட்டினி போடுறாகளான்னு ஊரே என்னையக் கேக்குது.” பேப்பர் சத்தம் நின்றுபோகிறது. “அவுகளை இழுக்காத ஆத்தா. ரெண்டு புள்ளையும் வயித்துலயே கலைஞ்சதுக்கு எனக்கிருக்கிற சர்க்கரைதான் காரணம்னு டாக்டரம்மா சொன்னாக. வருசம் முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமா எடையைக் குறைச்சிருக்கேன். இங்க வந்து ஏத்திக்கிட்டுப் போனா அடுத்ததும் தங்காது.” வீரலட்சுமியின் குரல் தணிந்தே இருக்கிறது. “எங்க ஆத்தா என்னையவிடப் பெருத்தவ. ஒம்பது பெத்தா. ஒங்க டாக்டரம்மா எத்தனை பெத்தாளாம்?” என்று கேட்டுக்கொண்டே உருக்கிய நெய்யைக் கரண்டியில் மொண்டு சோற்றின்மேல் சாய்க்கிறாள் ஆத்தா. வீரலட்சுமி சட்டென்று இலைக்குக் குறுக்கே கையை விரிக்கிறாள். சூடான நெய் புறங்கையில் விழுந்து, விரலிடுக்கு வழியாகச் சோற்றில் இறங்குகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அப்படியே வைத்திருக்கிறாள். “எடுடி கையை, வெந்து போயிரும்” என்கிறாள் ஆத்தா, கரண்டியை நிமிர்த்தாமல்.