பூ வேண்டாத சம்பந்தம்

"தேனீ குத்தினா உனக்கு மூச்சு அடைக்கிறது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சிடும்," என்று தர்ஷிகாவின் வாயைப் பூட்டியிருந்தாள் அம்மா. மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளுக்கும் தெரியாத ரகசியம் அது.

நானாட்டானிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருந்ததுமே, "கலியாணத்துக்குப் பூ வேண்டாம், வாசனைச் சென்ற் வேண்டாம், வெளியில சர்பத்தும் வேண்டாம்," என்றார்.

ரகசியம் தெரிந்துவிட்டதென்று தர்ஷிகாவின் அம்மாவின் முகம் உப்பளமாக வெளுத்தது.

தர்ஷிகா, தேனீ குத்தினால் உடனே போடும் அட்ரினலின் ஊசியை மேசையில் வைத்தாள். "ஓம் மாமி, எனக்குத் தேனீ ஒத்துவராது. வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ."

மாமி வாயைப் பிளந்தார். மாப்பிள்ளை சாந்தரூபன் சட்டைப் பையிலிருந்து அதே ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"எனக்கும்தான். அம்மா மறைக்கச் சொன்னவ. இனி எனக்குக் குத்தினா நீங்க ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. உங்களுக்குக் குத்தினா நான்."

கலியாணத்தன்று கடதாசிப் பூமாலையில் ஏமாந்த தேனீக்கள், கோபித்துக்கொண்டு கடல் தாண்டி இராமேஸ்வரத்துக்கே பறந்துவிட்டன.