சக்களத்தி

ஆல்வின் எட்டு வருடம் கராஜிலேயே கிடந்து கட்டிய காருக்கு இன்று சாலைத் தகுதிச் சோதனை. தேறினால் வாங்கிக்கொள்ள ஆள் தயார். ஆல்வின் இறந்து மூன்று மாதமாகியும் அவன் மனைவி கிளெனிஸுக்குக் கோபம் தீரவில்லை.

"என் சக்களத்திங்க இது. ஒரு நாளும் நான் இதுல ஏறினதில்ல. தேறினா இன்னிக்கே வித்துடுவேன்."

சோதனை அதிகாரி சிரித்தார். "பாஸாயிடுச்சும்மா. ஆனா சீட்டு நகராது, போல்ட் போட்டு இறுக்கியிருக்கு. எனக்கு முட்டி இடிக்குது. உங்க வீட்டுக்காரர் குள்ளமோ?"

"ஆறடிக்கு மேலங்க."

"அப்ப அவரால ஓட்டவே முடியாதே! நீங்க உக்காருங்க, பார்ப்போம்."

உட்கார்ந்தாள். அளவெடுத்தாற்போல் கால்கள் பெடலில் பதிந்தன. கண்ணாடியில் பின்னால் எல்லாம் தெரிந்தது.

"ஓட்டப்போற ஆளோட அளவுக்குத்தாம்மா சீட்டை இறுக்குவாங்க," என்றார் அவர், குரல் தணிந்து. பிறகு, "வாங்க வர்றவரு உயரமா?"

"விக்கலைங்க," என்றாள் கிளெனிஸ், ஸ்டியரிங்கை விடாமல்.