துடிப்பு அடங்காதவர்

தங்கபாண்டி இறந்து நான்கு வருடமாயிற்று. அவருடைய இதயச் செல்கள் மட்டும் சமையலறை மேடையில், ஒரு கண்ணாடித் தட்டில் துடித்துக்கொண்டிருந்தன. துடிப்பு அடங்காதவருக்குக் கருமாதி கிடையாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டில் சத்துநீர் மாற்ற வேண்டியிருந்ததால், மனைவி செண்பகவல்லி வெளியூரில் இருக்கும் மகளைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

கொழுந்தன் சுடலை வந்தபோது அவள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன மதினி, ஒருமாதிரியா இருக்கீக?”

“பத்து நாளா நான் எதுவும் ஊத்தல, சுடலை. வேணும்னேதான் ஊத்தல.” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “அப்பவும் துடிக்குது.”

சுடலை தட்டை எட்டிப் பார்த்தான்.

“நீங்க வேலைக்குப் போனப்புறம் நாந்தான் வந்து மாத்திட்டுப் போனேன், மதினி. அசதியில மறந்துட்டீகன்னுல்லா நெனச்சேன்.”