ஞாயிற்றுக்கிழமை அண்ணன்

"வாசல்ல உன் அண்ணன் நிக்கிறாரே, உன்னைவிட அவர்தான் அதிகமா அழுறார்" என்றார் மேட்ரன்.

அன்றுதான் அவளுக்குப் பயிற்சி முடிந்து வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார்கள். நர்ஸ் என்றால் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்த காலம். விடுதிக்கு ஞாயிறுதோறும் அப்பாவோ அண்ணனோ மட்டும் வரலாம். மேட்ரனே குவார்ட்டர்ஸில் தன் அண்ணனோடுதான் இருந்தார்.

"மூணு வருஷமா பாக்கறேன், உங்களுக்குள்ள ஒரு சண்டைகூட இல்ல. எந்த ஊர்ல அண்ணன் தங்கச்சி இப்படி இருக்காங்க?"

அவள் அறைக் கதவைச் சாத்தினாள்.

"அவர் என் வீட்டுக்காரர், மேடம். நர்ஸ் ஆகணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. அண்ணன்னு எழுதிக் கொடுன்னு அவர்தான் சொன்னார்."

தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

மேட்ரன் அதை எடுத்து அவள் தலையிலேயே திரும்ப வைத்து, நழுவாதபடி பின் குத்தினார்.

"காலையில ஏழு மணிக்கு ரெண்டாம் வார்டுல இரு. அங்க ஊசின்னா உன்னைத்தான் கேக்கறாங்க. அப்புறம், அண்ணன் வந்தா நாலு பேர் பாக்கற மாதிரி கொஞ்சம் சண்டை போடு. யாருக்கும் சந்தேகம் வராது."

"சரி, மேடம்."

"எங்க அண்ணனோட நான் இருபத்தாறு வருஷமா அப்படித்தான் போடறேன்."