ஒன்பதாவது தலை

கடலில் ஒன்பது தலைகள் தெரிந்தன. இறங்கியதோ எட்டுப் பேர்.

கேப்டன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினார். பவளப் பாறைக்கு மேலே, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் புதைத்து மீன்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களைத் தாண்டி, பாறை முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில், இன்னொரு தலை தனியாக இருந்தது. அது மீனைப் பார்க்கவில்லை. படகைப் பார்த்து ஒரு கையைத் தூக்கியது.

அவருக்கு யாரென்று தெரிந்துவிட்டது. மறுபடியும் வந்துவிட்டான்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு குடாவில், தனியாக வந்த பயணி ஒருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுப் பாய்மரப் படகைக் கிளப்பிக்கொண்டு போனவர் அவர். மேல்தளத்தில் தலைகளை எண்ணும்போது, சமையலையும் பாயையும் கவனித்துக்கொண்ட தன் மச்சினனையும் சேர்த்து எண்ணிவிட்டார். செய்த தப்பு அவ்வளவுதான். திரும்பிப் போனபோது அந்த ஆளின் நீச்சல் கண்ணாடி மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

விசாரணையில் தப்பித்தார். அன்றிலிருந்து மூச்சுக்கு மூச்சு தலை எண்ணுவதே வேலையாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால்கூட எண்ணுவார். அந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள் அவருக்குக் 'கணக்கு வாத்தியார்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இன்று காலையில், இவர்கள் தீவின் மறுபக்கத்தில் நங்கூரம் போட்டு மலையேறக் கிளம்பியபோதுகூட, இந்தக் குடாவிலிருந்து புறப்பட்ட நீலப் பாய்ப் படகின் கேப்டன் வயர்லெஸ்ஸில் சீண்டினார்.

"வாத்தியாரே, இன்னிக்கு எத்தனை தலை?"

எட்டு, மலையிலிருந்து இறங்கியதும் அந்தக் குடாவுக்குத்தான் வரப்போகிறோம் என்று இவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எண்ணுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செத்த ஆள் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்தான். பயணிகளை வைத்துக்கொண்டு மூன்று தடவை படகைத் திருப்பினார். ஒரு தடவை அது தென்னை மட்டை, ஒரு தடவை மீன் வலையின் மிதவை, மூன்றாவது தடவை அங்கே ஒன்றுமே இல்லை. இன்னொரு தடவை திருப்பினால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மனைவி கையைப் பிடித்து இழுக்காத குறையாக மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவர் வருவார், கை காட்டுவார். நீங்க திரும்பிப் பார்க்காதீங்க. ஒரே ஒரு தடவை பார்க்காம வந்துட்டீங்கன்னா, அப்புறம் வரமாட்டார்."

கேப்டன் மணியை அடித்தார். பாறையைத் தாண்டினால் நீரோட்டம் வெளியே இழுத்துவிடும் என்று மிரட்டி வைத்திருந்ததால், எல்லோரும் சொன்ன பேச்சுக் கேட்டு ஒவ்வொருவராக ஏணியில் ஏறினார்கள். கடைசியாக, பயணிகளில் ஒருவரான பல் டாக்டர், காலையில் மலையில் வழுக்கிச் சிராய்த்த முழங்காலில் உப்புத் தண்ணீர் எரிகிறது என்று புலம்பிக்கொண்டே வந்தார். எட்டு.

ஒன்பதாவது தலை அங்கேயே இருந்தது. கை தணிந்தது, மறுபடி மெல்ல உயர்ந்தது. காற்று படகிலிருந்து அந்தப் பக்கமாக அடித்ததால், சத்தம் எதுவும் இங்கே வரவில்லை.

கேப்டனின் கை தானாகப் பைனாகுலர் பக்கம் போனது. மச்சினன் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் கடலைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைத்தான் பார்த்தான். அந்த முகத்தை அவன் இதற்கு முன்னால் மூன்று தடவை பார்த்திருக்கிறான்.

"எட்டும் ஏறியாச்சு மாமா. என்னைச் சேர்க்காம எண்ணிட்டேன். அக்காவுக்காகவாவது இந்தத் தடவை திரும்பாதீங்க."

நங்கூரம் ஏறியது. பாய் காற்றைப் பிடித்தது. கேப்டன் சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். பிடரி நெருப்பாய் எரிந்தது, கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். தீவின் முனையைச் சுற்றியதும் குடா மறைந்துவிட்டது.

முதலில் அழுகைதான் வந்தது. பிறகு ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வயிறு பசித்தது. மச்சினன் தட்டை நீட்ட, யார் தலையையும் எண்ணாமல் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சிரிப்பதைப் பார்த்த பல் டாக்டர், இப்போதுதான் உங்கள் வாயில் பல் இருப்பதே தெரிகிறது என்று கிண்டலடித்தார்.

அடுத்த தீவை நெருங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மச்சினன் டீயை ஊற்றிக் கொடுத்த நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது. நீலப் பாய்ப் படகின் கேப்டன்தான், ஆனால் குரலில் வழக்கமான சீண்டல் இல்லை.

"வாத்தியாரே, எங்க ஆள் ஒருத்தரைக் காணோம். கீழே அறையில தூங்குறார்னு நெனச்சிட்டோம். காலையில அந்தக் குடாவுலயே விட்டுட்டு வந்திருக்கோம்."

கேப்டனின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. மச்சினன் மெதுவாகத் திரும்பி, தாங்கள் வந்த திசையைப் பார்த்தான்.

"அப்புறம்தான் நீங்க அங்க போறதா சொன்னது ஞாபகம் வந்துச்சு. எனக்கு உயிரே வந்துச்சு. உங்க கண்ணுக்கு ஒரு தலை தப்புமா?"

அந்தக் குரல் சிரிக்கப் பார்த்தது.

"சொல்லுங்க வாத்தியாரே, இப்ப உங்ககிட்ட ஒன்பது தலைதானே?"